உ போட்ட பென் டிரைவ்

பேக்கப் எடுத்துத் தரும் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், 'இனி எல்லாம் பத்திரமுங்க' என்று நாம் சொல்லிவிட்டு வந்த மறுநாள்தான் ஃபோன் வரும். எனக்கு ராத்திரி பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஷிஃப்ட். தூக்கம் பிடிக்காத பகலில் கம்ப்யூட்டர் வைத்தியம். யாரும் சொல்லித் தரவில்லை, ஊரார் கம்ப்யூட்டரைக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன்.

திறந்தே கிடந்தது

முதலிபாளையத்தில் பழனிச்சாமியண்ணனின் எம்பிராய்டரி யூனிட். அங்கே டிசைன் போடுகிறவர் நசீமா. அவருடைய எட்டு வருட டிசைன்களும், அவற்றைத் திறக்கிற சாஃப்ட்வேரும் ஒரே பென் டிரைவில். இன்ஸ்டால் செய்யாமலே எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். வேறெங்கும் நகல் இல்லை. பென் டிரைவோ சாகக் கிடந்தது. செருகினால் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது.

காப்பி போட்டேன். பாதியில் நின்றது. வைரஸ் என்றேன், வோல்டேஜ் என்றேன், மேஜைக்கடியில் நுழைந்து ஒயரையெல்லாம் ஆட்டினேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தபோது நசீமா மெதுவாகச் சொன்னார்: "சாஃப்ட்வேர் திறந்தேதானுங்கண்ணா இருக்குது. மூடச் சொல்லுவீங்கன்னு அப்பருந்து பாத்துட்டிருக்கேன்."

ஒரே செகண்டு

திறந்திருக்கிற சாஃப்ட்வேர் நகலாகாது என்பதால் மறுநாள் மூடச் சொல்லிவிட்டு, திரையில் இருந்த சின்னப் படத்தை அப்படியே இழுத்து என் பென் டிரைவில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கைராசி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் போய்ப் பார்த்தால், வந்தது வெறும் ஷார்ட்கட். கடையை விட்டுவிட்டு போர்டை மட்டும் கழற்றி வந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மரியாதையாகச் சொன்னார்: "எட்டு வருசத்து டிசைன் ஒரு செகண்டுல ஏறுதேன்னு அப்பவே டவுட்டுங்க தம்பி. படிச்சவங்க பண்றீங்க, நாம என்னத்தக் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

சுழி

அடுத்து, பென் டிரைவ் நடுவில் மயங்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் பழைய பேக்கப் சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுபோனேன். அது தொடங்கவே மறுத்தது. இரண்டு காலைகள் வீணான பிறகுதான் டிசைன் ஃபோல்டரின் பெயரைப் பார்த்தேன்: 'உ'. பில் புக்கானாலும் கட்டிங் நோட்டானாலும் அண்ணன் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்குவதில்லை. ஃபோல்டரையும் அப்படியே தொடங்கியிருக்கிறார். பேக்கப் சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது. அதன் கண்ணுக்கு அது வெறும் கேள்விக்குறி.

"சுழிய எடுத்தரலாமுங்களா?" என்றேன். நசீமா என்னைப் பார்த்தார். அண்ணன் சாமி படத்தைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் 'U' போட அனுமதி தந்தார்: "சரக்கு எடுக்கற பையருக்குப் போற மெயிலெல்லாம் இங்கிலீஷ்தானுங்களே. பிள்ளையாரும் இந்நேரம் கத்துட்டிருப்பாரு."

பட்டியல் காலி

அன்று என் பென் டிரைவில் பேக்கப் முழுதாக ஏறியது. இரண்டு நாள் யூனிட்டுக்கு லீவு. மூன்றாம் நாள் செருகியதுமே பழைய பென் டிரைவ் செத்தே போனது. பேக்கப்பைச் செருகினேன். சாஃப்ட்வேர் திறந்தது, டிசைன் பட்டியல் காலி. "எட்டு வருசங்கண்ணா" என்றார் நசீமா. "வந்துரும், வந்துரும்" என்று கண்ட இடத்தையெல்லாம் அழுத்தினேன்.

அண்ணன்தான் கேட்டார், "பேர மாத்துனது அதுக்குத் தெரியுமுங்களா?" தெரியாது. டிசைன் சாஃப்ட்வேர் இன்னும் 'உ'வைத்தான் தேடிக்கொண்டிருந்தது. 'U'வை அழித்து மறுபடி சுழி போட்டதும் பட்டியல் மளமளவென்று நிறைந்தது. நசீமா கடைசி டிசைன்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்: "எல்லாம் இருக்குதுங்கண்ணா. நீங்க ஊட்டுக்குப் போய்த் தூங்குங்க. இனி எதையும் தொட்டுப்போடாதீங்க."

பேக்கப் எடுக்கும்போது பத்திரமாகக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டிய முதல் பொருள் நானேதான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருட அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது.