மஞ்சக்காமாலை என்று சொன்ன பொய்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். திருவிடந்தை, முட்டுக்காடு பக்கம் சாலையோரமாக மாடி வீடுகள் எழும்பிய வருஷங்களில், கான்கிரீட் தளத்துக்கு அடியில் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை பார்த்தேன். தளம் போட்டு முடிக்கிற அன்று வீட்டுக்காரர் ஆட்களுக்குப் பிரியாணியும் சரக்கும் வாங்கித் தருவது வழக்கம். எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இரண்டு கிளாஸ் தேவைப்பட்டது. பிறகு காலையில் பலகை தூக்கவும் தேவைப்பட்டது.

குடியை விட செங்கல்பட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பிய அன்று என் மனைவி சொன்னாள்: "இன்னொரு வாட்டி குடிச்சேன்னா, புள்ளைங்கள இட்டுகினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்." சொன்னதைச் செய்கிறவள்.

ஞாயிறுதோறும் செங்கல்பட்டில் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போவேன். ஒருவர் கிளாஸை நீட்டுவது போல நடிப்பார். காரணம் எதுவும் சொல்லாமல், முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும். நான் தரையைப் பார்த்து முணுமுணுப்பேன். "தரை உன்னக் குடிக்கச் சொல்லலியே, நைனா. நான்தான் சொல்றேன். என்னப் பாரு!" என்பார் அவர்.

வேலைக்குத் திரும்பி முதல் தளம் போட்ட அன்று, பத்து வருஷமாகப் பலகையின் மறுமுனையைப் பிடித்த என் ஜோடி ஆள் கிளாஸை நீட்டினான். பழகியதெல்லாம் மறந்துபோய், "மஞ்சக்காமாலை" என்றேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்; இப்படிப் பொய் சொன்னதை மனைவியிடமும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவன் தினமும் கீழாநெல்லியை அரைத்து, மோரில் கலக்கிக் கொண்டுவந்தான். அவன் கண்ணெதிரே குடிக்க வேண்டும். சித்தாள் பெண்கள் என் கண் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் போனது. அடுத்த தளமும் வந்தது.

"கண்ணு வெள்ளையா கீது. தேறிட்ட. இந்தா மச்சான், உனக்குன்னே எடுத்து வெச்சேன்."

கிளாஸ் என் மூக்குக்கு நேரே இருந்தது. அதைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"வேணாம் மச்சான். எனக்குக் காமாலையே வரல. ஒண்ணு உள்ள போனா என்னால நிறுத்த முடியாது. வூடு பூடும்."

"அப்போ ஒரு மாசமா நீ குடிச்சது?"

"சும்மா குடிச்சேன்."

"அடப்பாவி! எம் பொண்டாட்டி கயனி கயனியா அலைஞ்சி பறிச்சாடா!"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சூட்டிலேயே இன்னொன்றும் கேட்டுவிட்டேன். "பிரியாணி தின்னு முடிக்கிற வரைக்கும் எம் பக்கத்துல குந்து. எவனும் ஊத்தாம பாத்துக்கோ."

அவன் கிளாஸை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டான்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கிட்டே வந்து மோந்து பார்த்தாள். "நாளைலேர்ந்து கீழாநெல்லி கெடையாது" என்றேன்.

"நீயா வாயத் தொறந்து சொன்ன?"

"நான்தான்."

அதற்குப் பிறகு எத்தனையோ தளம் போட்டுவிட்டோம். பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது அவன் என் பக்கத்தில்தான் உட்காருவான்.