உப்புத் தண்ணீரில் வரைந்த வானம்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், நான் காவலுக்கு இருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு படத்தின் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக வியர்க்கும். முழ அகலம்கூட இல்லாத நீர்வண்ணப் படம். பிள்ளைச்சாவடிக் கடற்கரை, இரண்டு படகு, சாய்ந்த ஒரு தென்னை, மீதியெல்லாம் வானம். அந்த வானம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பார்க்க வருகிறவர்கள் அதைத் தூறல் என்பார்கள். சுற்றிக்காட்டுகிறவர்கள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு துரை வரைந்தது என்று அடித்துச் சொல்வார்கள். படத்துக்குக் கீழே உள்ள அட்டையில் 'வரைந்தவர் தெரியவில்லை' என்றுதான் இருந்தது. எனக்குத் தெரியும். ஐந்தாவதோடு படிப்பு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் வராது. எட்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் துரை கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரைந்தது எங்கள் பழைய அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா. நான் அங்கே பியூன். கடல் அரித்த வீடுகளைப் பார்வையிட ஒருநாள் எல்லோரும் ஜீப்பில் போனோம். அதிகாரிகள் சாப்பிடப் போனதும், அம்மா பையிலிருந்து ஒரு கலர் டப்பாவை எடுத்தார். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, ஆசைதான். "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா" என்று பாட்டிலை நீட்டினார். ஊர்க் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கலர் கரைக்கத்தானே, குடிக்கவா போகிறார் என்று பாட்டிலைக் கடலில் முக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மேசைமேல் படம் காய்ந்திருந்தது. ஹெட் கிளார்க் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வானத்துல ரவையக் கொட்டிட்டீங்களா? கிளறினா உப்புமா ஆயிடும் போல" என்றார். அறையே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். "வானத்துக்கு அம்மை போட்டுடுச்சு சார். நம்ம கை அவ்ளோதான்." எல்லோரும் போன பிறகு நான் விரலால் தடவிப் பார்த்தேன். நறநறவென்று உப்பு. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். படத்தை அவர் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டார். கலர் டப்பாவைக் கழுவி, அதில் குண்டூசி போட்டு வைத்தார். பன்னிரண்டு வருடம், குண்டூசி வேண்டும்போதெல்லாம் நான் அந்த டப்பாவைத்தான் திறக்க வேண்டியிருந்தது.

அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். பழைய வரைபடங்கள் அருங்காட்சியகத்துக்கு, மற்றதெல்லாம் காயலாங்கடைக்கு. அம்மாவின் படத்தை வரைபடக் கட்டுக்குள் வைத்துக் கட்டியது நான்தான். பிற்பாடு எனக்கும் இங்கேயே மாற்றல் வந்தது. யாரோ அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் புதிதாக வந்த அதிகாரி, வியர்த்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பூசணம் புடிச்சிருக்கு. யார் வரைஞ்சதுன்னும் தெரியல. குடோன்ல போட்டுடுங்க" என்றார். குடோனுக்குப் போன சாமான் எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மாடிப்படி வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். "மேடம், அது பூசணம் இல்ல. உப்பு. மழைக்கு ஈரம் இழுக்குது." எப்படித் தெரியும் என்று கேட்டார். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த அம்மா இருக்காங்கல்ல? நான்தான் வரைஞ்சேன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பேரு போட்டு இங்கயே மாட்டிடலாம்" என்றார்.

கடிதம் கேட்டால் கடல் தண்ணீர் கதையை அம்மாவிடமே சொல்லியாக வேண்டும். ரெட்டியார்பாளையத்தில் அம்மா வீட்டு கேட் வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை அவரே பார்த்துவிட்டார். "யாரு, நம்ம தம்பியா? ஏம்பா, கரண்டு பில் பாக்க வந்தவன் மாதிரி வெளியவே நிக்கிற? உள்ள வா." காபி கொண்டுவந்தார். வயதில் அவர் கை நடுங்கியதில் பாதி தட்டில் சிந்தியிருந்தது. டம்ளரைக் கீழே வைக்காமலே சொல்லி முடித்தேன்.

"கடல் தண்ணியா?"

"ஆமாம்மா. கொழாயடியில பொம்பளைங்க நின்னுட்டு இருந்தாங்க."

சிரித்தார். அலுவலகத்தில் கேட்ட அதே சிரிப்பு, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "அப்பவே சொல்லியிருந்தன்னா இன்னொன்னு போட்டுப் பாத்திருப்பேன்பா" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கடிதத்தில் கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

இப்போது அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க என் படிப்பு போதும். தினமும் ஒருமுறை படிக்கிறேன். துரை கதையை யாரும் சொல்வதில்லை. அம்மா மட்டும் இன்னும் வந்து பார்க்கவில்லை. முழங்கால் வலி, மழை விடட்டும் என்கிறார். இந்த ஐப்பசியிலும் அந்தக் கண்ணாடி வியர்த்திருக்கிறது. காலையில் துணியை எடுத்துத் துடைக்கிறேன். ஈரம் உள்பக்கம் இருக்கிறது.