முட்டி போட்டு ஒரு வணக்கம்

நைஜீரியாவின் லாகோஸிலிருந்து திரும்பிய வருடம். கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் வேலை. புதுவாயலில் வாடகை வீடு. மகளுக்கு நாலு வயது. அங்கே அவளை முதுகில் துணியால் கட்டிச் சுமந்து வளர்த்த யொருபாப் பெண்மணி, தன் பேச்சையும் சேர்த்தே அவள்மேல் கட்டிவிட்டிருந்தாள். பசி, காய்ச்சல், கோபம் எல்லாம் யொருபாவில். எண்ணும் நிறமும் ஆங்கிலத்தில். தமிழ் காதுக்குள் போகும், வாய்க்கு வராது.

அந்தப் பெண்மணியிடம் கற்ற அரைகுறை யொருபாவை நான் மகளிடம் விடாமல் பேசினேன். இந்த லாரிப் புழுதியில் அவளுக்குப் பதில் சொல்ல வேறு யார்? நான் வாயை மூடினால் அன்றோடு அது போயிற்று.

தமிழ் பேசாத பிள்ளையா என்று மற்ற பள்ளிகள் கையை விரித்தபின், ஓர் ஆங்கிலப் பள்ளி மட்டும் நேரில் வரச் சொன்னது.

அறைக்குள் நுழைந்ததுமே மகள் என் கையை உதறினாள். தலைமையாசிரியை முன்னால் இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட்டு, கண்களைத் தாழ்த்தி, "எ காரோ, மா" என்றாள். காலை வணக்கம். அங்கே பெண்பிள்ளைகள் பெரியவர்களை அப்படித்தான் வணங்குவார்கள்.

கதவோரம் நின்ற ஆயா பதறினாள். "ஐயோ கண்ணு, யாரு உன்ன முட்டி போட சொன்னது? எய்ந்துரு!" பிறகு என்னிடம்: "இன்னாம்மா, ஊட்ல டெய்லி இதே வேலையா? பச்சக் கொயந்த!"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல அடிக்கிறீங்களா?"

"இல்ல மேடம், அது வணக்கம். அவ பாஷையில..."

"அவ பாஷையா? நீங்க ரெண்டு பேரும் தமிழ்தானே?"

கணவர் குறுக்கே புகுந்தார். "நைஜீரியால இருந்தோம் மேடம். அங்க பழகினது. போகப் போக மறந்துடுவா."

மறந்துடுவா. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

"போகப் போக எதுக்கு சார்? இன்னிலேர்ந்தே நிறுத்துங்க. இங்கிலீஷ், கூட தமிழ். மூணாவது ஒண்ணு வந்தா புள்ள குழம்பிடும். சரின்னா சீட்டு."

"சரி மேடம்," என்றார் கணவர்.

"அவ குழம்பல மேடம்," என்றேன். "உங்கள பெரியவங்கன்னு தெரிஞ்சு முட்டி போட்டா. குழம்பினது நாமதான். நான் அவகிட்ட பேசறத நிறுத்த மாட்டேன்."

மேசைக்கு அடியில் கணவரின் செருப்பு என் காலை அழுத்தியது. தலைமையாசிரியை விண்ணப்பத்தை மெல்ல எங்கள் பக்கமே திருப்பித் தள்ளினார். வெளியே ஏதோ ஒரு டிரெய்லர் மூச்சுவிட்டு நின்றது.

மகள் இன்னும் தரையில்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தை, தலைமையாசிரியை முகத்தை. சொல் முழுதும் புரிந்திருக்காது, முகம் புரியுமே. தானாக எழுந்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டாள்.

"குட் மார்னிங், மேடம்."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "பாருங்க, எவ்ளோ ஷார்ப்பு!" தள்ளிய தாளைத் திரும்ப இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பொயச்சிக்கும்மா இது," என்றாள் ஆயா.

கணவர் மில்லுக்குப் போய்விட்டார். நானும் அவளும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எதிரே இரண்டு மில் தொழிலாளிகள், பக்கத்தில் கூடையோடு ஒரு பெண். மகளிடம் குனிந்து, பசிக்கிறதா என்று யொருபாவில் கேட்டேன்.

அவள் எதிரே இருந்தவர்களைப் பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். வலித்தது, அவ்வளவு அழுத்தம்.

அந்தக் கைக்கு அடியிலேயே மறுபடி கேட்டேன்.