பதிவில் விழுந்த மன்னிப்பு

டெலிபோன் அக்கா என்றால் அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறாள். எதை வாசித்தாலும் குரல் ஒரே சீராக இருக்கும். அர்த்தம் அவள் பொறுப்பில்லை; ஒட்டுக் கேட்காமல் இணைத்துவிட்டே பழகியவள்.

மேலைத் தத்துவப் புத்தகம் வந்துதான் அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது. மனிதனை அவன் போக்கில் விட்டால் அடித்துக்கொண்டு சாவான் என்றார் ஒருவர். தன் தம்பிகளை நினைத்துக்கொண்ட அக்காவுக்கு அது சரியென்றே பட்டது. அடுத்தவர், மனிதன் பிறவியில் நல்லவன், கூடி வாழ்ந்துதான் கெட்டான் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. மூன்றாமவர் அடிமடியிலேயே கை வைத்தார்: மதம் பிறந்ததே பயத்திலும் ஆசையிலும்தானாம். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் தான் பேசிக்கொண்டிருந்தது யாரிடம் என்று அக்காவுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் முழு அத்தியாயத்தையும் வாசித்து முடித்தாள்.

மாதிரித் தேர்வு மதிப்பெண் வந்த மறுநாள், அந்தப் பதிவைக் கேட்டுப் படித்த பார்வையில்லாத மாணவி ஒருத்தி வந்தாள். முப்பதைத் தாண்டியவள். இந்தத் தாளில் இரண்டு முறை தோற்றவள். மூன்றாவது முறையும் போனால் பட்டம் கிடையாது.

"அக்கா, மூணாவது ஆளு ஒவ்வொரு வாதம் முடிஞ்சதும் கடவுள்கிட்ட மன்னிப்புக் கேக்குறாருன்னு எழுதினேன். பேராசிரியர் சிரிச்சுட்டு முட்டை போட்டுட்டாரு. அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

அக்காவுக்குப் புரியவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டார்கள். மனிதனின் பயமே தெய்வமானது என்று கணீரென்று முடித்த குரல், உடனே தணிந்து, "கடவுளே, மன்னிச்சிடு" என்றது. ஒன்றல்ல, பதினான்கு இடங்களில். அவள் அதை மனசுக்குள் சொன்னதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "என் வாயால உன் படிப்பு போச்சேம்மா" என்றாள். பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அத்தியாயத்தை மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாணவி எதிரில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரியா இருக்காம்மா?"

"இருக்குக்கா. ஒரு வார்த்தை கூடுதலா இல்ல." சாய்த்த தலையை நிமிர்த்திக் கேட்டாள். "போன தடவ உங்க குரல்ல அந்தப் பயத்தைக் கேட்டப்பதான் அவரு சொன்னது எனக்குப் புரிஞ்சுது. இப்ப பயமே இல்லையே. நீங்க அவரை நம்பிட்டீங்களா அக்கா?"

அக்கா முதலில் பதிவை நிறுத்தினாள்.

"மன்னிச்சிடு" என்றாள். மாணவியிடம்தான் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.