மூன்றாவது சுற்று

பள்ளிக்கூடத்து மேடு கண்ணில் பட்டதும் அண்ணி மின்விசிறியை நிறுத்துவார், ரேடியோவை நிறுத்துவார், முதல் கியருக்கு இறங்குவார். பிறகு சாலையைப் பார்த்தபடியே குரல் கொடுப்பார்: "எல்லாரும் மூச்சப் பிடிங்க!" பின்னால் இருக்கிற பதினான்கு பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு சிலையாக உட்காருவார்கள். அப்படிச் செய்தால் கனம் குறையுமாம். வேன் தொண்டை கமறுகிற சத்தத்தோடு, நடந்து போகிறவர்கள் எல்லாம் முந்திப் போக, மெதுவாக மேலே ஏறும். உச்சிக்குப் போனதும், "விடலாம்!" பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் விடுகிற மூச்சில் ஜன்னல் கண்ணாடி மங்கிப்போகும்.

"இதென்ன அண்ணி, பச்சப் புள்ளைங்க காதுல பூ சுத்துறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூச்சப் பிடிச்சா வாய் மூடியிருக்கும். வாய் மூடியிருந்தா எனக்கு இன்ஜின் சத்தம் கேக்கும். அவ்வளவுதான் விஷயம். நீ பத்திரிகைக்கு எழுதற ஆளு, எதுக்கெடுத்தாலும் அர்த்தம் தேடாத தம்பி" என்றார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. சொந்த வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் தொழில். ஆள் குள்ளம், இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். கொண்டையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் செருகியிருக்கும். சமையலறையில் டப்பா மூடியை நெம்பவும் அதுதான், வேனில் விளக்கு மாற்றவும் அதுதான். அவர் நகத்தில் சாயம் பூசி நான் பார்த்ததில்லை, ஆனால் கைப்பையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு புட்டி கட்டாயம் இருக்கும். இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் அதால் ஒரு கோடு இழுப்பார். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அண்ணன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். புட்டி தீரத் தீர வாங்கி வந்து கொடுத்துவிடுவார். கடையில் இருப்பவர்கள் எங்கள் அண்ணியைப் பெரிய அலங்காரப் பிரியை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன பருவத்தில் ஒரு மழை நாளன்று வேன் பாதி மேட்டில் நின்றுவிட்டது. என்ன கெஞ்சியும் நகரவில்லை. பிள்ளைகள் இறங்கி, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி நடந்து போனார்கள். பள்ளி ஆபீஸ் மேடம் கேட்டில் நின்று இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை புள்ளைங்க இறங்கி நடந்தா நாங்க வேற வேன் பாத்துக்கறோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க." இப்படிச் சொன்ன பிறகு இதை எப்படித்தான் எடுத்துக்கொள்வதாம்?

அன்றைக்கு அண்ணி சாப்பிடவில்லை. மேடம் சொன்னதுகூட அவரை அவ்வளவு தைக்கவில்லை. இறங்கி நடந்த பிள்ளைகளில் ஒருத்தி, வாலில்லாத வாண்டு, வேனின் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்து, "பரவால்ல, நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். "அதக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு தம்பி" என்றார்.

அண்ணன் வழக்கத்துக்கு விரோதமாக வாயைத் திறந்தார். "பழசாயிடுச்சு. வித்துட்டு வேற பாக்கலாமே?"

"உங்கள வித்துட்டு வேற பாக்கலாமான்னு நான் கேட்டேனா?" என்றார் அண்ணி. அண்ணன் அதோடு சரி, வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

நீண்ட விடுமுறை முடிய இரண்டு வாரம் இருக்கையில், ஒரு பெரிய அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே டர்போ. நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஓர் இரும்பு. வண்டியின் புகை வெளியேறுகிற வேகத்தில் உள்ளே ஒரு குட்டிக் காற்றாடி சுற்றும், அது இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும், கிழட்டு வண்டியும் வாலிபனாகிவிடும் என்று அண்ணி எனக்குப் பாடம் எடுத்தார். இதே இன்ஜினில் டர்போவோடு வந்த வேன்களும் உண்டாம். நம்முடையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெளியிலிருந்து வாங்கிப் பூட்டவேண்டும். பூட்டினார். அண்ணன் கொண்டுவந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, வேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, ஒவ்வொன்றாக இறுக்கி, சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. ஒரே ஒரு போல்ட்டைத் தவிர.

அது சாதாரண போல்ட் இல்லை. சுண்டு விரல் நீளம், நடுவில் துளை. அந்தத் துளை வழியாகத்தான் டர்போவுக்கு எண்ணெய் போகும். எண்ணெய் போகாவிட்டால் டர்போ சூடேறி அன்றைக்கே செத்துப்போகும். பெட்டியோடு வந்த போல்ட் இரண்டு சுற்று ஜோராகப் போயிற்று, மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.

"ரெண்டு சுத்து சிரிச்சுக்கிட்டுப் போறான், மூணாவதுல மொறைக்கிறான்" என்றார் அண்ணி. ஸ்பேனர் போட்டு ஓர் அழுத்து அழுத்தினால் போகாதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. "அழுத்தினா போல்ட் போகாது, ஓட்டையோட மரைதான் போகும். அப்புறம் மொத்த டர்போவும் தண்டம்."

பெட்டியை அனுப்பியவருக்குப் போன் போட்டார். "எல்லாருக்கும் இதே போல்ட்டுதாம்மா அனுப்பறோம், யாரும் இதுவரைக்கும் குறை சொல்லல" என்று அவர் வைத்துவிட்டார். சரி, இந்த ஒன்றில்தான் மரை கெட்டிருக்கிறது, இதே மாதிரி நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று அண்ணி முடிவு செய்தார். வேன் படுத்துக் கிடப்பதால் போய்வர என் புது ஸ்கூட்டர். நான் அப்போதுதான் வாங்கியிருந்தேன். தினம் காலையில் முகம் துடைப்பதைவிட அதைத் துடைக்கிற நேரம்தான் அதிகம். "சும்மாதானே இருக்க, வா தம்பி" என்றார். விடுமுறை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் ஆசைப்பட்டேன், யார் விட்டார்கள்?

ஏறாத கடை இல்லை. கார் சாமான் கடை, லாரி சாமான் கடை, பழைய இரும்புக் கடை, போல்ட் மட்டுமே விற்கிற கடை. முதல் கடைக்காரர் அண்ணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். எனக்கு ஸ்பேனரின் தலை எது வால் எது என்றே தெரியாது. அடுத்த கடைக்காரர், "வீட்டுல சாருக்கு ஒரு போன் போட்டுக் குடுங்களேன், என்ன சைஸுன்னு கேட்டுக்கறேன்" என்றார்.

"சார் வெங்காயம் நறுக்கிட்டிருக்கார். நீங்க போல்ட்ட எடுங்க."

எடுத்தார்கள். அதுதான் கொடுமை. ஒவ்வொரு கடையிலும் இருந்தது. மாதிரி போல்ட்டை வாங்கிப் பார்ப்பார்கள், உள்ளே போவார்கள், அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வெற்றிப் புன்னகையோடு வைப்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் இரண்டு சுற்று, மூன்றாவதில் மொறைப்பு. மறுநாள் வேறு கடை, வேறு போல்ட், அதே மொறைப்பு. பிஸ்கட் டப்பா ஒன்று போல்ட்டுகளால் நிரம்பிக்கொண்டே வந்தது. "இந்த ஓட்டைக்கும் போல்ட் ஜாதிக்கும் ஏழாம் பொருத்தம்" என்றேன். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பாதி மேட்டில் வேன் நின்றால் என்ன செய்வதென்று மேடம் ஒரு நீல வேன்காரரை முன்கூட்டியே கூப்பிட்டு வைத்திருப்பதாக வேறு காதில் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார் அண்ணி. இரண்டிரண்டு போல்ட்டாக எடுத்து, மரையோடு மரை பதியும்படி பக்கவாட்டில் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த ஜோடியும் அப்படியே. அதற்கடுத்ததும். சட்டென்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! எல்லாத்துக்கும் ஒரே பல்லு தம்பி! எதுவுமே கெட்டுப் போகல. பெட்டியில வந்ததே வேற வண்டியோட போல்ட்டு. தப்பான ஆளு போட்டோவக் கையில வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் தேடியிருக்கேன்!"

கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியுமா? கேட்டதைத்தான் கொடுத்தார்கள். மாதிரியாகக் கொண்டுபோக வேண்டியது போல்ட் இல்லை, ஓட்டை. ஓட்டையைத் தனியாக எப்படிக் கொண்டுபோவது? அண்ணி மறுபடி பாயை விரித்தார், பூட்டியதையெல்லாம் கழற்றினார், டர்போவை ஒரு பழைய துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "குழந்தைக்கு வெயில் படுதும்மா, மூடுங்க" என்றார். அண்ணி பாந்தமாக மூடிவிட்டார்.

ஞாயிறானதால் பாதிக் கடை மூடியிருந்தது. திறந்திருந்த ஒன்றிரண்டில் ஓட்டையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. "இது நெருக்கமான மரைம்மா. நம்மகிட்ட இருக்கறதெல்லாம் அகலம்" என்று ஒருவர் கையை விரித்தார். இன்னொருவர், "ஆர்டர் போட்டா பத்து நாள்ல வரும்" என்றார். பத்து நாள்! நாளைக் காலையில் பதினான்கு பிள்ளைகள் தெருமுனையில் வந்து நிற்கப்போகிறார்கள்.

கடைசிக் கடையும் ஷட்டரை இழுத்தது. ஒரு டீக்கடை வாசலில், மடியில் டர்போவோடு அண்ணி உட்கார்ந்தார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். ஏதாவது சொல்லலாமென்று நான் வாயெடுத்த நேரம், அவர் கண் என் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் போய் நிலைகுத்தியது. டீயைக் கீழே வைத்தார். குனிந்தார். சக்கரத்தின் பக்கத்தில், ஒரு கறுப்புக் குழாயின் முனையைப் பிடித்து நிறுத்தியிருந்த ஒரு போல்ட்டைத் தொட்டார்.

"தம்பி, இது என்ன?"

"முன் பிரேக் அண்ணி."

"பிரேக்குக்கு எண்ணெய் போற குழாய். அப்ப இந்த போல்ட்டுக்கு நடுவுல துளை இருக்கும். சின்ன வண்டிங்கறதால மரையும் நெருக்கமாத்தான் இருக்கும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வாரமாகக் கார் கடையும் லாரிக் கடையுமாக எங்களைச் சுமந்து திரிந்தது இந்த ஸ்கூட்டர்தான். "நம்ம ஒரு பைக் கடையிலயாவது ஏறினோமா?"

ஏறவில்லை. இப்போது ஏறலாமென்றால் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயோ, புது வண்டி அண்ணி!"

"கடை தொறந்ததும் புதுசு வாங்கிப் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் அவன் ரெஸ்ட் எடுக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, கொண்டையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் மேலிருந்த பிரேக் எண்ணெய் மூடியை நெம்பி, ஸ்பேனர் போட்டு அந்த போல்ட்டைக் கழற்றினார். என் பிரேக் எண்ணெய் அண்ணன் பிடித்த கிண்ணத்தில் சொட்டியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். போல்ட்டைத் துடைத்து, டர்போவின் ஓட்டையில் வைத்து, விரலாலேயே திருகினார். ஒன்று. இரண்டு. மூவருமே அசையவில்லை. மூன்று. போல்ட் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான்கு, ஐந்து என்று அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது. "உள்ள போயிட்டான்! போயிட்டான்!" என்று அண்ணி கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் யார் எங்கே போய்விட்டார்கள் என்று விசாரிக்க வந்துவிட்டார். அண்ணன் ஓடிப்போய் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து நீட்டினார். நல்ல தடிமனாக ஒரு கோடு விழுந்தது.

சாயங்காலமே எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. மேட்டிலும் ஏறியது. ஆனால் அண்ணிக்குத் திருப்தி இல்லை. "காலி வண்டி ஏறினா அது ஏறினதே இல்ல தம்பி" என்றார்.

திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ். ஸ்கூட்டர் படுத்திருக்கிறது. "ஸ்கூலத் தாண்டித்தானே உன் ஆபீஸு, ஏறிக்கோ" என்றார் அண்ணி. கடைசி இருக்கையில், முழங்கால் மோவாயில் இடிக்க, மடியில் யாருடைய தண்ணீர்ப் புட்டியையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு புதுப் புத்தகப் பை, போதாததற்கு எண்பது கிலோ நான். இந்தக் கணக்கு எனக்கு ஏறிய பிறகுதான் உறைத்தது. இறங்கிவிடலாமா என்று கேட்பதற்குள் மேடு வந்துவிட்டது.

உச்சியில், கேட்டுக்குப் பக்கத்தில், நீல வேன் நின்றிருந்தது. மேடமும் நின்றிருந்தார். அண்ணி மின்விசிறியை நிறுத்தினார். ரேடியோவை நிறுத்தினார்.

"எல்லாரும் மூச்சப் பிடிங்க!"

பதினான்கு ஜோடிக் கன்னம் உப்பியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பிடித்தேன். வேன் சரிவில் மூக்கை வைத்தது. அடியிலிருந்து மெல்லிய விசில் ஒன்று, யாரோ பக்கத்து அறையில் பாட்டை முணுமுணுப்பது போலக் கிளம்பியது. அண்ணியின் இடது கை கியரின் மேல் இருந்தது, முதல் கியருக்கு இறக்கத் தயாராக. இறக்கவில்லை. போன பருவத்தில் நின்றுபோன இடம் வந்தது, போயிற்று. நடந்து போகிறவர்களை நாங்கள் முந்தினோம். மேட்டில் ஒருவரை முந்துவது இந்த வேனின் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். உச்சி வந்தது. நீல வேனைத் தாண்டினோம். மேடத்தைத் தாண்டினோம். கேட்டுக்குள் நுழைந்து, வழக்கமான மரத்தடியில் வேன் நின்றேவிட்டது.

"விடலாம்" மட்டும் வரவில்லை. பிள்ளைகள் முகம் சிவந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேனைத் தட்டிக்கொடுத்த அந்த வாண்டுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "ஆன்ட்டி! வந்துட்டோம்! விடலாமா?"

கடைசி இருக்கையிலிருந்து எட்டி, முன்னால் தொங்கிய கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, இரண்டு தலையணை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அண்ணியின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.