சகாதேவனின் அம்புகள்

கோடு போடும் முன்பு சகாதேவன் ஆள்காட்டி விரலை நக்கி உயரே தூக்குவார். காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் எழுதுகோல் துணியில் படும். பூ வரைந்தாலும் அப்படித்தான், யானை வரைந்தாலும் அப்படித்தான். வாயில் எப்போதும் ஒரு நாணல் குச்சி. கோபம் வந்தால் அதைக் கடித்துத் துப்பிவிட்டு வேறு குச்சி தேடுவார்.

முன்பு ஏரியில் இறங்கி வெறுங்கையால் நண்டு பிடித்தவர். வலது சுண்டுவிரலை நண்டு கொண்டுபோய்விட்டது. இன்னொரு விரல் போனால் எழுதுகோல் நிற்காது. அதனால் டச்சுக் கோட்டைக்குத் துணிப்படம் எழுதும் வேலை அவருக்கு உயிர்.

மாலுமி ஒருவன் காந்தக்கல் படம் கேட்டான். மேலே கல், அதன் வடமுனைக்கு எதிரே விசிறிபோலப் பன்னிரண்டு ஊசிகள். கல் ஒவ்வொரு ஊசியையும் எந்தப் பக்கம் நகர்த்தும் என்று அம்பு போட்டுக் காட்டவேண்டும். பிழை இருந்தால் இனிக் கோட்டைப் பக்கம் தலைகாட்டாதே என்றும் சொல்லிவைத்தான்.

ஊசி கல்லிடம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகும், சகாதேவன் அம்புகளைக் கல்லிலிருந்து வெளியே பாயவிட்டார். எங்கள் ஊரில் காற்றுக்கு அது வருகிற திசைதான் பெயர். "வாடைன்னா இன்னாடா? வடக்கேருந்து வர்றது. இது கல்லுலேருந்து வர்றது. அங்கேருந்துதானே போடணும்?" என்று, அவருக்கு மை கலக்கித் தரும் என்னிடம் கேட்டார்.

அவர் மனைவி முனியம்மாள் இறால் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அது எங்கேருந்தோ வரட்டும். ஊசி எந்தப் பக்கம்யா போவுது?"

குச்சி துப்பப்பட்டது.

அதற்குள் துருவும் வெல்லமும் ஊறிய கறுப்பு மை, துணியில் ஏறிவிட்டது. துவைத்தாலும் போகாது. மறுநாள் கப்பல். கல்லிலும் ஊசிகளிலும் வடமுனைகளுக்குச் சிவப்பு வைப்பது மட்டும்தான் பாக்கி.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிண்ணத் தண்ணீரில், காந்தக்கல்லில் தேய்த்து நெட்டித் தக்கையில் குத்திய ஊசி கல்லை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. நான் கல்லை முனைமாற்றித் திருப்பிவைத்தேன். சும்மா, அவர் முழிப்பதைப் பார்க்கத்தான். ஊசி வந்த வழியே பின்வாங்கியது.

சகாதேவன் முழிக்கவில்லை. கல்லை அவரே நாலுதரம் திருப்பிப் பார்த்தார். பிறகு படத்தில் கல்லின் முனைக்குச் சிவப்பு வைத்தார். அதைப் பார்த்திருந்த பன்னிரண்டு ஊசிமுனைகளுக்கும் அதே சிவப்பு. வடமுனையும் வடமுனையும் எதிர்ப்பட்டால் கல் தள்ளத்தானே செய்யும். அம்புகள் அத்தனையும் சரி.

மாலுமி காலையில் வந்து ஊசியை வைத்துச் சோதித்தான். இழுப்பதைக் கேட்டோமா, தள்ளுவதைக் கேட்டோமா என்று அவனுக்கே குழப்பம். தலையாட்டிவிட்டு, அடுத்த கப்பலுக்கும் ஒரு படம் சொல்லிப்போனான்.

சகாதேவன் புதுத் துணியை விரித்தார். விரலை நக்கித் தூக்கினார். அப்புறம் காந்தக்கல்லை எடுத்து, என் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டார்.