அரிசிக்கு ஒரு டப்பா மூத்திரம்

மாதம் ஒரு மூட்டை அரிசியும் எண்ணெயும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓர் உதவிக் குழுவில் எழுதிக் கொடுத்திருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு பர்மாவில் இந்தத் தாகேதாப் பேட்டையில் நானும் என் மகனும்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிற வயது. பகலில்கூட அவனை வாசல் தாண்ட விடமாட்டேன். யார் கேட்டாலும் மலேசியாவில் இருக்கிறான் என்பேன். சபையில் பாட்டுப் பாடுகிற வாயால் சொல்கிற பொய்தான், என்ன செய்ய?

அந்த மாதம் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். உதவி கேட்பவர்கள் போதைப் பழக்கம் இல்லை என்று மூத்திரம் கொடுத்துக் காட்ட வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று வந்தது. வெற்றிலையைக்கூடத் தொடாதவள் நான். பசிக்கு அரிசி கேட்டால் டப்பாவை நீட்டுவார்களா? ஆனால் கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. பழக்கம் இருப்பவர்கள் பெயர் ராணுவத்துக்கு ஆள் கணக்கெடுக்கிற பேட்டை ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால்? என் பிள்ளை உள்ளேதானே இருக்கிறான்!

நமக்கென்ன பழக்கம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு டப்பாவைக் கொடுத்தேன். நர்ஸ், இங்கே சயாமா என்போம், ஓர் அட்டையில் சொட்டு விட்டாள். மற்றவர்களுக்கு உடனே தலையாட்டியவள் என் அட்டையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“அன்ட்டி, அபின் காட்டுதே” என்றாள் பர்மியத்தில், மெதுவாக.

“ஐயோ சயாமா, அந்தக் கருமத்த நான் கண்ணால கூடப் பாத்ததில்லையே!”

“இருமல் மருந்து ஏதாவது குடிச்சீங்களா? நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் சபையில் ஞானஸ்நான விருந்து. குருமா எப்போதும் என் கைதான். தேங்காய் பற்றவில்லை என்று கசகசாவை அள்ளிப் போட்டு அரைத்து ஊற்றியிருந்தேன். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து கறித்துண்டை மகனுக்கு வைத்துவிட்டு, சட்டி வழித்த குழம்பை இரவும் காலையும் நானே தின்றேன். கசகசா அபின் செடியில் காய்ப்பது என்று தெரியாதவளா நான்? அது மூத்திரம் வரைக்கும் வந்து காட்டிக் கொடுக்கும் என்று யார் கண்டார்கள்!

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பினாள், முகத்தில் தெரிந்தது. பேனாவை எடுத்தாள்.

“கவலப்படாதீங்க அன்ட்டி, நீங்க சொன்னத அப்படியே எழுதிடுறேன். பேட்டை ஆபீசுலேர்ந்து ஒரு தரம் வீட்டுக்கு வந்து பாத்துட்டா சரியாப் போயிடும்.”

“வேணாம் சயாமா, எழுதாதீங்க. என் பேரயே எடுத்துடுங்க. எனக்கு அரிசி வேணாம்.”

“நீங்கதான் தப்பே செய்யலயே?”

“வேணாம்னா விட்டுடுங்களேன்!”

கத்தியே விட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சயாமா என் மனுவைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். இப்போது என்னை அபின்காரி என்றே நினைத்திருப்பாள். நினைக்கட்டும். கிழித்தாளே, அது போதும்.

வழியெல்லாம் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

“அரிசி குடுத்தாங்களாம்மா?” என்றான் மகன்.

“இந்த மாசம் இல்லியாம்.”

அவன் அரிசி டின்னைத் திறந்து பார்த்து மூடினான்.

“அப்ப நாளைக்கு நான் படகுத்துறைல மூட்டை தூக்கப் போறேம்மா. எத்தன நாளைக்கு நீ ஒருத்தியே அலைவே?”

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறுநாளைக்கு உலையில் போட ஒரு பிடி அரிசி இல்லை. மூட்டை தூக்கத் தோளில் போட்டுக்கொள்ள ஒரு பழந்துணியை எடுத்து வைத்தேன்.